மாதவரின் திருத்த உறுப்பு எப்படிப் பிறந்தது? விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். பை மதிப்பின் நான்கில் ஒரு பங்கைத் தரும் 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்னும் தொடர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரிகரி, லைப்னிட்ஸ் ஆகியோரின் பெயரால் அறியப்பட்டாலும், ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவர் அதைக் கண்டறிந்திருந்தார் என்பதை அவர் வழிவந்த கணிதர்களின் நூல்கள் காட்டுகின்றன. யார் முந்தியவர் என்ற வாதத்தைவிட, அவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

இத்தொடர் மிக மெதுவாகக் குவிவது, அதாவது உறுப்புகளைக் கூட்டக் கூட்ட இறுதி மதிப்பை மிக மெதுவாகவே நெருங்கும். முதல் 50 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினாலும் 3.12 அளவில்தான் நிற்கும், அதாவது இரண்டாம் தசம இடமே பிழையாகிவிடும். மாதவர் மரபினரோ, n உறுப்புகளுக்குப் பின் விடுபடும் எச்சத்தை ஈடுசெய்யும் திருத்த உறுப்பை முதலில் 1/(4n) என்றும், அடுத்து n/(4n²+1) என்றும், பின்னர் (n²+1)/(4n³+5n) என்றும் படிப்படியாகச் செம்மைப்படுத்தினர். வெறும் கணக்கீட்டுத் திறமையால் இவ்வரிசை கிடைத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இதன் பின்னே தெளிவான ஒரு பகுப்பாய்வு இருந்தாக வேண்டும்.

அம்மரபைச் சேர்ந்த ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா என்னும் நூலில் இதற்கான விளக்கம் உள்ளது. அப்பகுதியை மூலத்திலேயே படித்தறிந்தவர்கள், இரண்டாம் திருத்தத்திலிருந்து மூன்றாம் திருத்தத்துக்குச் செல்லும் படிகளை மட்டுமாவது தமிழில் விளக்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடர் பின்னங்களின் (பகுதியெண்ணுக்குள் மீண்டும் மீண்டும் பின்னம் அடங்கியவற்றின்) வழியே அதை அணுகுவது மூலத்துக்கு உண்மையாக இருக்குமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.