ஈரல் வருத்தம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் பட்டதை எழுதுங்கள்

கல்லடிக்காரன்:

எனக்கு அந்தக் கணக்குக் கொப்பிதான் மறக்க முடியாமல் இருக்கிறது. அப்பா எங்கள் அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகம் பார்ப்பவர். சடங்கு முடிந்த கிழமை வரவு செலவில் ஒப்பமிட வேண்டும். முப்பது வருடமாக ஒரே கையெழுத்து, அச்சடித்த மாதிரி. அன்றைக்குப் பேனையை வைத்தவர் கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டே போனார். பிறகு நிமிர்ந்து, “வாய்க்கால் திறந்தாச்சா?” என்று என்னைக் கேட்டார். வயற்காணி விற்று பன்னிரண்டு வருடம்.

சீனி கூடிவிட்டதென்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார். கோழி செட்டை அடிக்கிற மாதிரி கை அடித்தது. சிரோசிஸாம், ஈரல் தழும்பேறி இறுகிப்போகிற வருத்தம். ஈரல் கழிக்க வேண்டிய அமோனியா மூளைக்கு ஏறியிருக்கிறது.

அதைவிடச் சுட்டது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்ட கேள்வி: “எத்தின வருசமாக் குடிக்கிறார்?” அப்பா சாராயப் போத்தலைக் கையால் தொட்டதில்லை. எல்லாம் சீனி வருத்தமும் வயிற்றுக் கொழுப்பும் செய்த வேலை. ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தார் ஊர்ச் சனத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 32.6 பேருக்குக் குடியால் வராத கொழுப்பு ஈரல். அதை அச்சடித்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

கல்முனைத் தம்பி:

அண்ணன், நான் மாமாவுக்கு ஈரல் கொடுக்கப் போனவன். இரத்த வகை சரி. சிறுநீரகத்துக்குப் போல மற்றப் பொருத்தங்கள் தேடி அலையத் தேவையில்லை. வலது பக்கத் துண்டை, கிட்டத்தட்ட 60 சதவீதம், எடுப்பார்கள், மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்று விளங்கப்படுத்தினார்கள். கொழும்புக்கு இரவு பஸ். மாமி இடியப்பப் பொதியோடு கூடவே வந்தார்.

ஸ்கேன் பண்ணின டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டியது தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. “தம்பி, உங்கட ஈரலிலேயே கொழுப்பு. இத வெட்டினா ரெண்டு பேருக்கும் ஆபத்து.” எனக்கு 31 வயது, கிழமைக்கு இரண்டு நாள் கிரிக்கெட் விளையாடுகிறவன். கீழே வாங்கில் மாமி. படியில் நின்று நின்று இறங்கி, “இன்னும் டெஸ்ட் இருக்காம்” என்று சொல்லிவிட்டேன்.

எடை குறைத்தால் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். சோற்றை அரைவாசியாக்கி, சோடாவை விட்டு, விடியக்காலம் கடற்கரையில் ஓடினேன். ஒன்பது கிலோ இறங்கியது. மாமா அதுவரை இருக்கவில்லை. என் ஈரலில்தான் தடங்கல் என்பது மாமிக்கு இன்னும் தெரியாது.

களுவாஞ்சிகுடி அக்கா:

தம்பி, ஓட்டமெல்லாம் எதற்கு? என் மகனுக்குச் செங்கமாரி வந்து கண் மஞ்சளாகிக் கிடந்தான். கீழாநெல்லி அரைத்து மோரில் மூன்று நாள் கொடுத்தேன், கண் வெளுத்தது. அவ்வளவுதான்.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். விடியப் பிடுங்குங்கள், வேரோடு. மண் போகக் கழுவி அம்மியில்தான் அரைக்க வேண்டும், மிக்ஸி வேண்டாம். ஒரு கொட்டைப்பாக்களவு போதும், வெறும் வயிற்றில். எண்ணெய்ப் பொரியல் கூடாது, கருவாடு கூடாது, புளி கூடாது, உப்பை அரைவாசியாக்குங்கள். சுறாப் புட்டு என்று யாராவது ஆசை காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். இரவு கண் விழிக்கக் கூடாது. பனடோல் கிட்டவும் எடுக்கக் கூடாது. வண்ணக்கர் ஐயாவுக்குச் சீந்தில் கொடியும் அவித்துக் கொடுங்கள், சீனியும் இறங்கும்.

அக்கரைப்பற்று காக்கா:

அக்கா, கோபிக்க வேண்டாம். நான் முந்தி ஒரு மருந்துக்கடையில் நின்றவன். கீழாநெல்லியை யாரும் சும்மா தள்ளவில்லை. சென்னையில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பர்க்கின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மறுகா வேறு நாடுகளில் செய்தபோது அப்படி வரவில்லை. உங்கள் மகனுக்கு வந்தது ஹெபடைடிஸ் ஏ ஆக இருக்கும். அது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே மாறும், வெறும் மோர் கொடுத்திருந்தாலும் கண் வெளுத்திருக்கும்.

சீந்திலை விடுங்கள். கொரோனா நேரம் அதைக் குடித்து ஈரல் பழுதான ஆறு பேரைப் பற்றி மும்பை டொக்டர்மார் 2021இல் எழுதினார்கள். பனடோலும் டொக்டர் சொன்ன அளவில் எடுக்கலாம். சிரோசிஸ்காரருக்கு மோசமானது டைக்ளோபெனக் மாதிரி நோவு மாத்திரைதான்.

நான் எழுத வந்தது வேறு. ஒரு பெரியவர் கடைக்கு வந்து, லக்டுலோஸ் போத்தலைக் காட்டி, “தம்பி, இந்தப் பாணி குடிச்சா வயிறு போகுது, நிப்பாட்டவா?” என்று கேட்டார். கடையில் நல்ல சனம். “வயிறு போனா நிப்பாட்டுங்க” என்றேன். என்ன வருத்தம் என்று கேட்கவேயில்லை. வயிறு போகத்தான் அந்தப் பாணி, அமோனியா அந்த வழியால்தான் இறங்குகிறது. நான்கு நாள் கழித்து மகன் வந்து, வாப்பா ஆளை அடையாளம் தெரியாமல் கிடக்கிறார் என்று சொன்னார். மீதி மருந்தைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

களுவாஞ்சிகுடி அக்கா:

படித்த ஆட்கள் சொன்னால் சரி. என் பிள்ளையின் கண்ணை நான்தான் பார்த்தேன்.

கல்லடிக்காரன்:

சீந்தில் கொடுக்கவில்லை அக்கா. காக்கா சொன்ன அதே பாணிதான். நாளுக்கு இரண்டு மூன்று தரம் போக வேண்டும் என்று அம்மா கலண்டரில் கோடு போட்டு எண்ணுகிறா.

மாற்று ஈரல் பற்றியும் கேட்டோம். பிலிருபின், ஐஎன்ஆர், கிரியேட்டினின் என்ற மூன்று இரத்தப் பரிசோதனையையும் வைத்து மெல்ட் என்று ஒரு புள்ளி போடுகிறார்கள், 6 முதல் 40 வரை, கூடக்கூட ஈரல் மோசம். குடித்தாரா, வண்ணக்கரா என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. அப்பாவுக்கு 13. 15ஐத் தாண்டினால் பேசுவோம் என்றார் டொக்டர். சந்தோசப்படுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தோம்.

போன கிழமை கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்து கோட்டிலேயே நின்றது. பிறகு முன்பக்கத்தைப் புரட்டி, அந்த இழுவையைப் பார்த்து, “இதாரு போட்டது?” என்றார். பேரன் கிறுக்கிவிட்டான் என்றேன்.