உதவி தேவை: கார்ச் சக்கரத்தில் கிரீஸ் போன்ற கறுப்புப் பசை, எங்கிருந்து வருகிறது?

மழைக்காலப் பயணி:
வணக்கம். என் காரின் சக்கரத்தில் கிரீஸ் போன்ற கறுப்புப் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம்தான் கழுவித் துடைத்தேன், மறுபடியும் வந்துவிட்டது. இது எங்கிருந்து வருகிறது, எதைப் போட்டுத் தேய்த்தால் போகும் என்று தெரிந்தவர்கள் கூறவும். வார இறுதியில் குடும்பத்துடன் கொல்லிமலை செல்லவிருப்பதால் சற்று அவசரம்.

பட்டறைவாசி:
எந்தச் சக்கரம் என்று சொல்லவில்லையே, ஐயா. முன்சக்கரமா, பின்சக்கரமா? ஒன்றில் மட்டுமா, நான்கிலுமா? பசை ரிம்மின் வெளிமுகத்தில் இருக்கிறதா, உள்பக்கத்தில் இருக்கிறதா? வண்டி முன்சக்கர இயக்கமா, எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

வெள்ளலூர்க்காரர்:
ஊகத்திற்கு இடமே இல்லை. சக்கரத்தில் ஈரப்பசை தெரிந்தால் முதலில் பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்றே கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பிஸ்டனின் ரப்பர் சீல், டிரம் பிரேக் என்றால் வீல் சிலிண்டர். வண்டியை உடனே நிறுத்துங்கள். மலைப்பயணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் கியர்:
அண்மையில் எங்காவது வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா? துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பல இடங்களில் வண்டியின் அடிப்பாகத்தில் டீசலையோ பழைய எஞ்சின் ஆயிலையோ பீய்ச்சி அடித்து அனுப்புவார்கள். அது சொட்டி, சாலைப் புழுதியோடு சேர்ந்து, ரிம்மில் கறுப்பாகப் படியும். பத்தில் எட்டு வண்டிகளில் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

திருகாணி (மூத்த உறுப்பினர்):
படமும் இல்லை, வண்டி எதுவென்ற விவரமும் இல்லை, ஆனால் மருந்து மட்டும் உடனே வேண்டும். முகத்தைக் காட்டாமல் கடிதம் எழுதி நாடி பார்க்கச் சொல்வது போலிருக்கிறது. இங்கே இதே கேள்வி பலமுறை வந்திருக்கிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கெட்டியாக, கூழ் போல இருந்தால் அது கிரீஸ். நீர்மமாக வழுக்கினால் பிரேக் ஆயில் அல்லது ஷாக் அப்சார்பர் ஆயில். கந்தக வாடை வீசினால் கியர் ஆயில். பின்சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் பின்ஆக்சில் சீல் போய்விட்டால் அது டிரம்முக்குள்ளேயே இறங்கிவிடும்.

மழைக்காலப் பயணி:
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இடப்பக்க முன்சக்கரம் மட்டும். ரிம்மின் உள்பக்கத்தில்தான் அதிகம். அலாயின் கம்பிகளுக்கு இடையே கொஞ்சம் வெளியிலும் வந்திருக்கிறது. கெட்டியாகத்தான் இருக்கிறது, வாடை எதுவும் தெரியவில்லை. 2015 ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார், முன்சக்கர இயக்கம், 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தயாரிப்பாளர் பெயரைச் சொன்னால் இழை வேறு திசையில் போய்விடும் என்பதால் தவிர்க்கிறேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மேல்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. சத்தம் ஏதும் கேட்டதாக நினைவில்லை. வண்டியில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டறைவாசி:
இவ்வளவு போதும். முன்சக்கர இயக்க வண்டியில், ஒரே ஒரு முன்சக்கரத்தின் உள்பக்கத்தில், கெட்டியான கறுப்புப் பசை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சில் பூட். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும், கோணம் மாறினாலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் சிவி ஜாயிண்ட் என்ற இணைப்பு உண்டு. அதற்குள் இருக்கும் கிரீஸ் வெளியே வராமலும் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமலும் காப்பதற்காக மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மாட்டியிருப்பார்கள். அதுதான் பூட். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கறுப்பு உயவுப்பொருள் கலந்திருப்பதால் அந்த கிரீஸ் இயல்பிலேயே கறுப்பாக இருக்கும். உறை கிழிந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பு நழுவினாலோ, ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் கிரீஸ் வட்டமாக வீசப்பட்டு, அந்த நேர்கோட்டில் எது இருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டும். வெளிமுனை பூட் சக்கரத்துக்கு மிக அருகில் இருப்பதால் ரிம்மின் உள்பக்கம், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் சஸ்பென்ஷன் கை), காலிப்பரின் பின்புறம் ஆகியவை நனைந்திருக்கும். உள்முனை பூட் கிழிந்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம்தான் அழுக்காகும், சக்கரத்தில் அநேகமாகத் தெரியாது.

சோதிப்பது எளிது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்துவிட்டு, டார்ச் அடித்துச் சக்கரத்தின் பின்னால் பாருங்கள். மடிப்புகளுக்கு இடையிலுள்ள வெடிப்பு அப்போதுதான் விரிந்து தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தபடி மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்ற சத்தம் வந்தால் மண் உள்ளே புகுந்து ஜாயிண்டின் குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேய்ந்துவிட்டன என்று பொருள். பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வெள்ளலூர்க்காரர்:
நான் இன்னும் பிரேக் ஆயிலை விட்டுவிடவில்லை. டப்பாவில் அளவு சரியாக இருப்பது முழு ஆதாரம் ஆகாது. சர்வீஸில் யாரேனும் மேலே ஊற்றி நிரப்பியிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் அந்தப் பசையைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்தவை, தண்ணீரில் கரைந்துவிடும். கிரீஸ் கரையாது. இந்தச் சோதனைக்குக் காசும் இல்லை, பட்டறையும் தேவையில்லை.

திருகாணி (மூத்த உறுப்பினர்):
கூழ் போல இருக்கிறது என்று அவரே சொன்ன பிறகும் டம்ளரும் தண்ணீரும் எதற்கு? இருந்தாலும் அந்தச் சோதனை தவறில்லை, செய்துகொள்ளட்டும். பூட் என்றுதான் நானும் முடிவுக்கு வருகிறேன். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெளிமுனை ஜாயிண்ட் பெரிய கோணத்தில் மடங்கியபடி பாரத்தை இழுக்க வேண்டும். கிரீஸை இழந்துகொண்டிருக்கும் ஜாயிண்டைச் சோதித்துப் பார்க்க அதைவிட மோசமான சாலை நாமக்கல் மாவட்டத்தில் கிடைக்காது.

தென்னந்தோப்பு:
எலி கடித்திருக்குமா என்றும் பாருங்கள். எங்கள் பக்கம் தோப்பில் நிறுத்தும் வண்டிகளில் ஒயருக்கு அடுத்தபடியாக ரப்பரைத்தான் அது தேடி வருகிறது. வெடிப்பு மடிப்பு நெடுகிலும் ஓடும். எலிக்கடி ஒரே இடத்தில் ஓரம் சிதைந்து இருக்கும்.

நான்காம் கியர்:
சரி, பூட்டாகவே இருக்கட்டும். அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டீசலை பிரஷ்ஷில் தொட்டு அடித்துத் தண்ணீர் விட்டால் எந்த கிரீஸும் ஓடிவிடும். மண்ணெண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது.

பட்டறைவாசி:
தயவுசெய்து வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அது டிஸ்க்கிலும், அதை உரசி நிறுத்தும் பேடிலும் பட்டால் பிரேக் பிடிக்காது. காலிப்பரின் சீல்கள் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர்; கனிம எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது தீ.

முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும், கழுவுவது அதற்குப் பிறகு. சக்கரத்தைக் கழற்றி, நன்றாக ஆறிய நிலையில், பசையைப் பனியன் வேஸ்ட்டால் உலர்ந்தபடியே வழித்தெடுங்கள். தண்ணீர் விட்டபின் வழித்தால் பரவத்தான் செய்யும். மிச்சத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, மென்மையான பிரஷ் போட்டால் போதும். அலாய் ரிம்மில் அமிலம் கலந்த கிளீனரோ காஸ்டிக் சோடாவோ படக்கூடாது, பூச்சு வெளுத்துவிடும். டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே மட்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபாருங்கள்.

நான்காம் கியர்:
பேடில் கிரீஸ் பட்டிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, லேசாகத் தீயில் வாட்டினால் சரியாகிவிடும். எத்தனையோ லாரிப் பட்டறைகளில் டிரம் பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங்கை அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் புதுசு வாங்கச் சொல்வது உதிரிபாகக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

பட்டறைவாசி:
பேடு நுண்துளைகள் உள்ள பொருள். மேற்பரப்பைத் தேய்த்தாலும் உள்ளே இறங்கிய எண்ணெய், பிரேக் சூடேறும்போது மறுபடி மேலே வரும். அந்தச் சூடு எங்கே ஏறும்? மலையிலிருந்து இறங்கும்போதுதான். ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுத்தால், தேய்த்துச் சேமித்த பணத்தைக் கொண்டு என்ன செய்வது? நனைந்திருந்தால் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திருகாணி (மூத்த உறுப்பினர்):
லாரி லைனிங்கைத் தேய்க்கச் சொல்பவர், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு செய்கிற சிக்கனம் எனக்குப் புரியவில்லை.

நான்காம் கியர்:
இவர் ஓட்டுவது 2015 ஆம் ஆண்டுக் கார், திருகாணி அவர்களே. பழைய லாரியை நடுவில் இழுத்து வந்து என் வாயை அடைக்க வேண்டாம்.

வெள்ளலூர்க்காரர்:
லாரியை இழுத்து வந்தது நீங்கள்தான், ஐயா. போகட்டும், தண்ணீர்ச் சோதனை செய்தாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

பட்டறைவாசி:
ஒன்று விடுபட்டுவிட்டது. பூட் மாற்றும்போது பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, பூட்டுடன் வரும் பொட்டலத்திலுள்ள கிரீஸையே அடைக்கச் சொல்லுங்கள். பட்டறை டப்பாவிலுள்ள சாதாரண கிரீஸ் இந்த ஜாயிண்டுக்கு உதவாது. கிளாம்பும் புதிதாகவே இருக்க வேண்டும். கம்பி சுற்றிக் கட்டித் தருகிறேன் என்றால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

மழைக்காலப் பயணி:
இடப்பக்க வெளிமுனை பூட்தான். மடிப்பில் பாதி வட்டத்துக்கு வெடித்திருந்தது. வட்டமடித்துப் பார்த்ததில் சத்தம் இல்லை, எனவே பூட்டும் கிரீஸும் கிளாம்பும் மட்டும் மாற்றினார்கள். ரிம் சோப்புத் தண்ணீரிலேயே சுத்தமாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி, நாளை காலை கிளம்புகிறோம்.

பட்டறைவாசி:
மகிழ்ச்சி. சக்கரத்தைக் கழற்றியபோது அந்தப் பக்கத்துப் பேடின் உள்முகத்தைப் பார்த்தார்களா? வலப்பக்க பூட்டுக்கும் அதே வயதுதான், அதையும் பார்த்தார்களா? கிளம்புமுன் ஒரு வரி எழுதுங்கள்.

வெள்ளலூர்க்காரர்:
இன்னும் பதில் வரவில்லையே. கிளம்பிவிட்டாரா?