மஞ்சள் கொடியில் பாய்ந்தவருக்கு ஓர் இடம்தான் தண்டனையா?

உட்லண்ட்ஸ் அப்பா

சென்ற ஞாயிறு மலேசியாவின் ஜொகூரில் ஒரு திடலில் நடந்த மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண் தடத்தில் ஓட்டும் மோட்டார்சைக்கிள்) பந்தயம் பற்றி எழுதுகிறேன். என் மகனுக்கு வயது 17. இரண்டாம் ஓட்டத்தின் நான்காம் சுற்றில், இரட்டை மேட்டைத் தாண்டி இறங்கும் சரிவில் விழுந்துவிட்டான். வண்டி அவன் கால்மேல் கிடந்தது. மேட்டின் அடியில் நின்ற பெண் மஞ்சள் கொடியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, பாயாதே, முந்தாதே என்பதே அதன் பொருள். பின்னால் வந்த இருவர் வேகத்தைக் குறைத்து, சக்கரம் தரையை விடாமல் மேட்டில் ஏறி இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த 27ஆம் எண்காரர் குறைக்கவே இல்லை. இருவரையும் காற்றிலேயே தாண்டி, என் மகனின் தலைக்கவசத்துக்கு இரண்டு முழம் தள்ளி இறங்கினார்.

நடுவர்கள் கொடுத்த தண்டனை, முடிவுப் பட்டியலில் ஓர் இடம் கீழே. இரண்டாம் இடத்தில் முடித்தவர் மூன்றாம் இடத்துக்கான கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். மஞ்சள் கொடியில் இரண்டு பேரைத் தாண்டினார், ஓர் இடத்தை இழந்தார். கணக்குப் பார்த்தால் அவருக்கு ஓர் இடம் லாபம். அந்த ஓட்டத்திலிருந்தே அவரை நீக்கியிருக்க வேண்டும் என்கிறேன். தவறா?

சேற்றுக்கால்

முதலில், தம்பி எப்படி இருக்கிறான்? கால் முறியவில்லை என்று கேள்விப்பட்டேன், நிம்மதி.

ஆனால் அண்ணன், நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். நான் அதே ஓட்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மேட்டுக்கு மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். கொடி கண்ணில் படும் இடத்திலிருந்து மேட்டின் விளிம்புக்கு 40 மீட்டர் இருந்தால், மூன்று விநாடிகூடக் கிடைக்காது. முன்வண்டி வாரி இறைக்கும் சேறு கண்ணாடியில் அப்பியிருக்கும். பாதி மனத்தோடு பிரேக் பிடித்துப் பாய்ந்தால் எதிர்மேட்டின் முகத்தில் போய் மோதி நாமும் விழுவோம். பார்த்தும் பாய்ந்தவனுக்கும் பார்க்காமல் பாய்ந்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால் அது நியாயமில்லை.

உட்லண்ட்ஸ் அப்பா

அவருக்கு முன்னால் போன இருவர் கண்ணாடியில் மட்டும் பன்னீரா தெளித்திருந்தது? அவர்கள் பார்த்தார்களே.

மரினா பே ரசிகன்

நான் மண் பந்தயம் ஓட்டியதில்லை. 2008ல் இங்கே சிங்கப்பூருக்கு எஃப்1 கார் பந்தயம் வந்ததிலிருந்து பார்ப்பவன், அவ்வளவுதான். ஆனால் மஞ்சள் கொடி என்றதும் எனக்கு ஜப்பானின் சுசுகாவில் நடந்த 2014 எஃப்1 பந்தயம் நினைவுக்கு வருகிறது. இரட்டை மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஓட்டுநர் ஜூல் பியாங்கி தடம் விட்டு விலகி, மீட்பு வாகனத்தில் மோதினார். 2015 ஜூலையில் இறந்தார். அவர் போதிய அளவு வேகம் குறைக்கவில்லை என்றது விசாரணைக் குழு. அதற்குப் பிறகுதான், எவ்வளவு குறைப்பது என்பதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடாமல் எல்லாரையும் ஒரே வேகக் கட்டுக்குள் கொண்டுவரும் மெய்நிகர் பாதுகாப்பு வாகன முறை 2015ல் வந்தது.

நம் ஊர்ச் சாலையிலும் அப்படித்தானே? சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 குற்றப் புள்ளிகள். 24 மாதத்துக்குள் 24 சேர்ந்தால் உரிமம் நிறுத்திவைக்கப்படும். ‘பார்க்கவில்லை’ என்று எவராவது சொல்லித் தப்பியிருக்கிறாரா?

சேற்றுக்கால்

எஃப்1 ஓட்டுநரின் காதில் வானொலி, கைச்சக்கரத்தில் விளக்கு. எங்களுக்கு ஓரத்தில் நிற்பவர் கையிலிருக்கும் துணி மட்டும்தான். சாலைச் சந்திப்பில் கேமரா படம் எடுக்கிறது, படத்தோடு கடிதம் வருகிறது. அந்தத் திடலில் எத்தனை கேமரா இருந்தன? ஒன்றுகூட இல்லை. 27 மாட்டியதற்குக் காரணம், விழுந்தவனின் அப்பா அங்கேயே நின்றதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். அன்று காலைப் பயிற்சியில் அதே மேட்டில், விழுந்தவர் எழுந்து போய் இரண்டு சுற்று ஆன பிறகும் மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. ‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்ற கதைதான். வெறும் சரிவுக்கு இரண்டு முறை வேகம் குறைத்தவன் மூன்றாம் முறை யோசிப்பான். தண்டனையைக் கூட்டுவதற்கு முன் கொடியைத் திருத்துங்கள்.

பழைய கொடிக்காரர்

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அன்று நான் அந்தத் திடலின் மறுகோடியில் கொடியோடு நின்றேன். வயது 61. இடுப்புவலி தைலம் என் சொந்தச் செலவு.

காலையில் கொடி ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஓட்டுபவர் கண்ணில் பட வேண்டுமானால் கொடிக்காரர் மேட்டின் இந்தப் பக்கம், வருகிறவர்களைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கே நின்றால் மேட்டுக்கு அப்பால் கிடப்பவர் எழுந்தாரா என்று தெரியாது. எட்டிப் பார்க்கப் போனால் கொடியைக் காட்ட ஆள் இல்லை. மறைவான ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு பேர் வேண்டும். அன்று 11 இடங்களுக்கு எட்டுப் பேர் இருந்தோம். கூலி, மதியத்துக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் 50 ரிங்கிட்டும். ஆள் எங்கிருந்து வருவார்?

அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் பந்தயம். இறக்கலாமா என்று தெரியாதபோது கொடியை இறக்காமல் இருந்தாள். நான் 20 ஆண்டு நின்றவன், நானும் அதையேதான் செய்திருப்பேன். சந்தேகம் என்றால் கொடி மேலேதான் இருக்க வேண்டும்.

சேற்றுக்கால் தம்பி, கொடியைப் பார்த்ததும் எனக்குக் கையை வீசி ‘தள்ளு’ என்று சைகை காட்டிவிட்டுப் பாய்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேறு அப்பிய கண்ணாடிக்காரர்களுக்கு என் கை தெரிகிறது, கொடி தெரியவில்லை!

சேற்றுக்கால்

ஐயா, உங்களை நான் குறை சொல்லவில்லை. நடத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது, கொடிக்கு ஆள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆள் அடிபட்டுக் கிடந்தால் வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை போட்ட கொடி தனியாக உண்டு. அது வந்தால் ஒவ்வொரு மேட்டையும் உருண்டு ஏறி உருண்டு இறங்க வேண்டும், முந்தக் கூடாது. அரங்குக்குள் நடக்கும் சூப்பர்கிராஸ் பந்தயங்களில் விளக்கும் வைக்கிறார்கள். அங்கே போய் மீறினால் நீக்குங்கள், நானே கைதட்டுகிறேன்.

உட்லண்ட்ஸ் அப்பா

விளக்கு வரும்வரை என் மகன் தரையில் கிடக்கட்டுமா?

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வேகம் குறைத்த அந்த இரண்டு பேரின் நிலையை யோசியுங்கள். விதிப்படி மெதுவாக மேடேறுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பறந்து வருகிறார். 110 கிலோ வண்டி. விதியைக் கேட்டவன்தான் அன்று அதிக ஆபத்தில் இருந்தான். இப்படி ஓர் இடம், அரை இடம் என்று தண்டித்தால், அடுத்த முறை அந்த இருவரும் பின்னால் வருகிறவனுக்குப் பயந்தே பாய்வார்கள். அதற்காகத்தான் கடுமையைக் கேட்கிறேன், பழிவாங்க இல்லை.

மரினா பே ரசிகன்

தார்த் தடத்தில் ஓடும் மோட்டோ ஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கொடி ஆடும் பகுதியைக் கடந்து வந்தால் அந்தச் சுற்றின் நேரமே ரத்து. குறைத்தாயா, பார்த்தாயா என்ற விசாரணையே இல்லை.

சேற்றுக்கால்

தகுதிச் சுற்றில் அது முடியும். பந்தயத்தில் சுற்றை ரத்து செய்ய முடியுமா? நல்ல மனசுதான் உங்களுக்கு, ஆனால் வாரம் ஒரு முறையாவது சேற்றில் இறங்கிவிட்டு வந்து பேசுங்கள்.

வண்டி எண் 27

அது நான்தான். ஒரு நண்பர் இந்தப் பக்கத்தை அனுப்பினார்.

சேற்றுக்கால் அண்ணன் எனக்காக வாதாடியதற்கு நன்றி. ஆனால் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கொடியைப் பார்த்தேன். காலையில் வெறுமனே ஆடிய அதே கொடி என்று நினைத்தேன். முன்னால் இருவர் மெதுவாகப் போனதும் இடம் கிடைத்துவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மேலே போன பிறகுதான் தம்பியைப் பார்த்தேன். காற்றில் பிரேக் கிடையாது. இடுப்பால் வண்டியை இடப்பக்கம் தள்ளினேன், எப்படி விலகியது என்று இன்னும் விளங்கவில்லை.

கோப்பை வீட்டில் செருப்பு அலமாரிமேல் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சேற்றுக்கால்

தம்பி, இதைப் பொதுவில் எழுதியிருக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அப்பா

கோப்பை எனக்கு எதற்கு? மூன்று நாளாக உங்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாக ஓயவில்லை. உங்கள் தலைக்கவசத்தில் கேமரா இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பதிவைக் கொடுங்கள். கொடி எங்கிருந்து கண்ணில் படுகிறது என்பதை நடத்துகிறவர்களிடம் போட்டுக் காட்ட வேண்டும்.

சேற்றுக்கால்

அவர்கள் அதை வைத்து இவனுக்கு ஓராண்டுத் தடை போடுவார்கள். அதே ஓட்டத்தில் மஞ்சளில் முந்திய மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சம்மதமில்லை.

வண்டி எண் 27

பதிவு இருக்கிறது, 22 நிமிடம். இன்று இரவு அனுப்புகிறேன்.

பழைய கொடிக்காரர்

அடுத்த ஞாயிறும் எட்டுப் பேர்தான். வருகிறவர்கள் காலை 5.30க்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு முன் வந்துவிடுங்கள், தாமதித்தால் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொள்வோம். இரண்டு மஞ்சள் கொடிகளுக்குக் கம்பு இல்லை. யாரிடமாவது பழைய துடைப்பக் கட்டை இருந்தால் எடுத்து வாருங்கள்.