டயாலிசிஸ் தொடங்குவதா, வேண்டாமா: நோயாளியிடமும் வீட்டாரிடமும் எப்படிப் பேசுவது?

கேள்வி (வார்டு டாக்டர்):
நோயாளிக்கு 80 வயதுக்கு மேல். சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுவிட்டது, இதயமும் பலவீனம். டயாலிசிஸ் தொடங்கலாம், தொடங்காமல் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டோடும் கொண்டுபோகலாம். அரை மணி நேரம் விளக்கினேன், வீட்டார் தலையாட்டினார்கள். மறுநாள் "நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்" என்கிறார்கள். மகனோ "அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க" என்கிறார். பெரியவருக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (வலி நிவாரண செவிலியர்):
மகனிடமிருந்து. "சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பிறகு, மகன் பக்கத்தில் இல்லாதபோது, பெரியவரிடம்: "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்டயே முழுசா சொல்லட்டுமா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது பேசட்டுமா?" பையனிடம் பேசச் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். தனக்கே சொல்லச் சொன்னால், மகன் தடுக்க முடியாது.

காது மிஷினும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா பாருங்கள். ரத்தத்தில் யூரியா (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறினால் குழப்பமும் வரும். ஒருநாள் தடுமாறினார் என்பதற்காக அவரை ஒதுக்கிவிடாமல், தெளிவாக இருக்கும் நேரத்தில் மறுபடி கேளுங்கள்.

பதில் 2 (சிறுநீரக மருத்துவர்):
அரை மணி நேரம் விடாமல் பேசினால் யாருக்கும் நிற்காது. இரண்டு மூன்று நிமிடம் பேசி நிறுத்துங்கள். "புரிஞ்சுதா?" என்றால் தலைதான் ஆடும். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுல அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டால் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

பலரும் சறுக்கும் இடம் வேறு. "டயாலிசிஸ், இல்லன்னா ஒண்ணும் செய்யாம விடறது" என்றால் யார்தான் இரண்டாவதைச் சொல்வார்கள்? டயாலிசிஸ் இல்லாத வழியிலும் மூச்சிரைப்பு, அரிப்பு, வாந்தி, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் மருத்துவம் உண்டு. டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் 3 நாள், தடவைக்கு சுமார் 4 மணி நேரம். போகவர அலைச்சல், முடிந்தபின் அசதி வேறு. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட வசதியாக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டால் அது பக்குவமாவதற்குச் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். அதுவரை கழுத்தில் குழாய்; அதில் கிருமி தொற்றும் அபாயம் உண்டு. இரண்டு வழியிலும் அவருடைய ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொல்லுங்கள்.

எண் சொல்வதானால் எப்போதும் 100 பேரில் எத்தனை பேர் என்று. 4 பேர் 2 பேராவதை "பாதியாகக் குறையும்" என்றால் பொய்யில்லை, ஆனால் கேட்பவர் மலையளவு நினைத்துக்கொள்வார்.

பதில் 3 (தீவிர சிகிச்சை மருத்துவர்):
"நீங்களே முடிவு பண்ணுங்க" என்பது எப்போதும் புரியாமை அல்ல. பாரம் தாங்காமல் சொல்வதும் உண்டு. பெரியவருக்கு எது முக்கியம் என்று முதலில் கேளுங்கள். பிறகு "நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா, நான் இதைத்தான் சொல்வேன்" என்று பரிந்துரைக்கத் தயங்காதீர்கள்.

அப்படியும் இழுபறி என்றால், டயாலிசிஸைக் கெடு வைத்துத் தொடங்கலாம், உதாரணமாக ஒரு மாதம். எது நடந்தால் பலன் (பசி எடுப்பது, தானாகக் குளியலறைக்குப் போவது), எது நடந்தால் நிறுத்துவது என்று முதல் நாளே தேதியோடு எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளையையும் அன்றே போனில் சேருங்கள். கடைசியில் வந்திறங்குபவர்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கிளறுவார்.

கேட்டவர்: தேதி வந்தபின் வீட்டார் நிறுத்த மறுத்தால்?

பதில் 3: பெரியவர் தெளிவாக இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. பேச முடியாத நிலை என்றால் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், "அப்பா பேச முடிஞ்சா என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். கெடுவின் நடுவிலேயே ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் கடைசி நாள் திடுக்கென்று வராது.