கல்விக் கடன், உதவித்தொகைக்கு அலைந்தபோது மறக்கவே முடியாத ஒரு நிமிஷம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காசிமேட்டுப் பொண்ணு:
2016. இன்ஜினியரிங் கலந்தாய்வில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்துவிட்டது, நாலு வருஷத்துக்கும் சேர்த்து மூன்றரை லட்சம் கடன் கேட்டோம். அந்தத் தொகைக்கு அடமானம் தேவையில்லை என்று தெரிந்துதான் தைரியமாகப் போனோம். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். அன்றைக்கு வேலை முடிந்து வந்து குளித்து, கல்யாணம் காட்சிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மேனேஜர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "காசிமேடா? உங்க ஏரியா பிராஞ்ச்ல போய்க் கேளுங்க" என்றார். பத்து வருஷமா இங்கேதான் சார் கணக்கு இருக்கு என்று அப்பா பாஸ்புக்கை நீட்டினார். அதைக் கையால் தொடாமல் பேனா நுனியால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அப்பா உடனே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஈரமே இல்லாத கை. வேறு பேங்க்கில் கடன் கிடைத்தது, படித்தேன், முழுசாக அடைத்தும் விட்டேன். அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை.

தண்டையார்பேட்டை தம்பி:
அக்கா, கலந்தாய்வில் சீட் என்றால் முதல் பட்டதாரி சலுகை இருந்திருக்குமே, அப்புறம் எதற்கு மூன்றரை லட்சம்? நான் அதில்தான் படித்தேன். சான்றிதழுக்காக விஏஓவைப் பார்க்கப் போனபோது, உங்க தாத்தா படிச்சிருக்காரா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஆயா, "அவரு கைநாட்டு சாமி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

காசிமேட்டுப் பொண்ணு:
என் அக்கா பி.காம். முடித்தவர் தம்பி, குடும்பத்தில் ஒருத்தர் டிகிரி வாங்கிவிட்டால் அடுத்தவருக்குக் கிடையாது. கிடைத்திருந்தாலும் குறைவது டியூஷன் ஃபீஸ்தானே, ஹாஸ்டலும் மெஸ்ஸும் யார் கட்டுவது?

பழைய வண்ணாரப்பேட்டை:
என் அண்ணன் மகனுக்கு வருமானச் சான்றிதழை நேரத்துக்குக் கொடுக்காமல் வட்டி மானியம் போய்விட்டது, அண்ணி நகையை விற்று அந்த வட்டியைக் கட்டினார். அதனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஏரியாவைக் காரணம் காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கடன் கிடையாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் பதிவு செய்துவிட்டுப் போனால் விண்ணப்பித்ததற்கு ஆதாரம் இருக்கும். ஏழரை லட்சம் வரை சொத்து கேட்கக் கூடாது, ஆனால் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களுடைய சிபிலையும், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்கிற மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள், குழுக் கடன் பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். அது தானாக வராது, சான்றிதழைக் கொடுத்துவிட்டு மானியம் கேட்டு அனுப்பினீர்களா என்று வருஷா வருஷம் பேங்க்கில் போய்க் கேட்க வேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்கு அரசு தருகிற மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையை நம்பி உட்காராதீர்கள், அது எதற்கும் ஆகாது.

மின்ட் பஸ் ஸ்டாப்:
ஆயிரம் எதற்கும் ஆகாது என்று சொல்லாதீர்கள் அண்ணா. நான் 2021-ல் பாரதி மகளிர் கல்லூரியில் சேர்ந்தேன். 2022 செப்டம்பர் 5-ல் அந்த ஆயிரத்தைத் தருகிற புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியதே எங்கள் கல்லூரியில்தான். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்றார்கள். நான் அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழிதான், அப்பா மூட்டை தூக்குகிறவர்தான், ஆனாலும் எனக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிக்காரர்களுக்கு அது வந்தபோது 2024 டிசம்பர், நான் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டேன். என் பெஞ்ச் தோழிக்கு முதல் பணம் ஏறிய அன்று மெசேஜைக் காட்டக் கூடக் கூச்சப்பட்டு போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். நானே பிடுங்கிப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கும்போதெல்லாம் கேட்காமலேயே ரெண்டு காப்பி எடுத்து வந்தாள், கடைசி செமஸ்டர் வரைக்கும்.