‘பெடிபால்ப்’ உறுப்புக்கு ‘முகக்கை’: ஒரு முன்மொழிவு

வணக்கம். புதிதாகக் கண்டறியப்பட்ட தாவும் சிலந்திச் சிற்றினம் ஒன்றைத் தமிழில் முறையாக விவரித்து எழுத வேண்டுமானால், பெடிபால்ப் என்னும் உறுப்புக்கு, அதாவது சிலந்தியின் வாயருகே இரு புறமும் சிறு கால்போல் அமைந்த உறுப்புக்கு, நிலையான பெயர் ஒன்று முதலில் தேவை. இதற்குச் சொல்லப்படும் ‘உணர்கொம்பு’, ‘உணர்கால்’ ஆகிய இரண்டு பெயர்களையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

உணர்கொம்பு என்பது பூச்சிகளின் தலையிலுள்ள உறுப்புக்கு ஏற்கெனவே வழங்கிவரும் சொல். சிலந்திகளுக்கு அந்த உறுப்பே கிடையாது. பூச்சியையும் சிலந்தியையும் பிரித்தறிய உதவும் அடிப்படை வேறுபாட்டை ஒரு கலைச்சொல்லே அழித்துவிடக் கூடாது. உணர்கால் அந்த அளவுக்குப் பிழையானதன்று. ஆயினும் நடைக்கால் ஒவ்வொன்றிலும் ஏழு கண்டங்கள் இருக்க, இவ்வுறுப்பில் ஆறுதான் உள்ளன. மேலும், இதையும் கால் என்றே அழைத்தால் எட்டுக்கால் பூச்சிக்குப் பத்துக் கால்கள் ஆகிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதிர்ந்த ஆண் சிலந்தி சிறியதொரு வலை பின்னி, அதில் விந்துத் துளியை இட்டு, பின்பு இவ்வுறுப்பின் நுனியிலுள்ள குமிழுக்குள் அதை ஏற்றிக்கொள்கிறது. புணர்ச்சியின்போது பெண்ணின் உடலுக்குள் விந்தைச் செலுத்துவதும் இவ்வுறுப்பே. 6,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட, தாவும் சிலந்திகளின் குடும்பமான சால்டிசிடேயில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது இந்தக் குமிழின் வடிவத்தைத்தான். எத்தனாலில் இட்டு வைத்த மாதிரியில் நிறம் மங்கும், உடலை மூடிய செதில்கள் உதிரும். கெட்டியான குமிழோ வடிவம் கெடாமல் நிற்கும். கடைசித் தோலுரிப்பில்தான் அது முழு உருப்பெறுகிறது என்பதால், இளஞ்சிலந்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று அறிவிக்க எவரும் துணிவதில்லை. இத்தனை பணியையும் ‘உணர்’ என்ற முன்னொட்டு மறைத்துவிடுகிறது.

ஆகவே ‘முகக்கை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தாவும் சிலந்தியை உருப்பெருக்கியில் பார்த்தால், முன்வரிசையின் நான்கு கண்களுக்குக் கீழே, நச்சுப்பல் தாங்கும் தாடைகளின் இரு புறமும், இவ்விரண்டும் ஓயாமல் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். இரையைப் பற்றித் திருப்பும், சில வேளைகளில் கண்ணின் மேல் படிந்த தூசியைத் துடைக்கும். யானையின் நீண்ட மூக்கைத் துதிக்கை என்றும், அந்த விலங்கையே கைம்மா என்றும் அழைத்த மொழிக்கு, முகத்தருகே இருந்து பற்றவும் துடைக்கவும் உதவும் உறுப்பைக் கை என்பது புதிதன்று. எந்தப் பணியையும் முதன்மைப்படுத்தாமல் இருக்குமிடத்தைச் சுட்டுவதால், ஆண் பெண் இரண்டுக்கும் இச்சொல் பொருந்தும்.

கூட்டுச்சொற்களும் இடறின்றி அமைகின்றன. நுனியிலுள்ளது முகக்கைக் குமிழ். குமிழிலிருந்து நீண்டு விந்தைச் செலுத்தும் எம்போலஸ் ‘செலுத்தூசி’. முகக்கையின் நுனிக் கண்டத்துக்கு முந்தியதான டிபியா கண்டத்தின் வெளிப்புறத்தில் துருத்தும் பகுதிக்குக் ‘கணைமுள்’ என்ற சொல்லும் நினைவுக்கு வந்தது. ஆனால் கால்களில் அசையக்கூடிய உண்மையான முட்கள் இருப்பதாலும், அவற்றையும் விவரிப்பில் குறித்தாக வேண்டும் என்பதாலும், ‘கணைநீட்சி’ என்பதே பாதுகாப்பானது. பெண்ணின் அடிவயிற்றிலுள்ள, புணர்ச்சித் துளைகளைக் கொண்ட கெட்டியான தட்டாகிய எபிகைனுக்குப் ‘புணர்தட்டு’ போதும்.

ஹோலோடைப் குறித்தும், அதாவது ஒரு சிற்றினப் பெயருக்கு அடிப்படையாகக் குறிக்கப்படும் ஒற்றை மாதிரி குறித்தும், ஒரு சொல். 1999-க்குப் பிறகு வெளியிடப்படும் விலங்குச் சிற்றினப் பெயர் எதற்கும் பெயர் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதிகள் வலியுறுத்துகின்றன. ‘முதன்மாதிரி’ என்றால் முதலில் பிடிபட்டது என்றோ மிகச் சிறந்தது என்றோ பொருள்கொள்ள இடமுண்டு. அது இரண்டுமாக இருக்க வேண்டியதில்லை. ‘பெயர்தாங்கி மாதிரி’ என்றால் ஐயமில்லை.

இச்சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்த வாக்கியம் இது: “ஆணின் முகக்கைக் குமிழ் நீள்வட்டமானது, செலுத்தூசி குமிழின் மேல்விளிம்பில் தோன்றி ஒரு முழுச் சுற்றாக வளைந்து முடிகிறது, கணைநீட்சி ஒற்றையானது, நுனி உள்நோக்கி வளைந்தது.” இதைப் படித்ததும் படம் வரைய முடிகிறதா என்று உயிரியல் அறிந்தவர்கள் சோதித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.