புதுப்பிப்பு: வாள் இப்போது பேசுகிறது

பொம்மை வாளின் ஒலி, ஒளிப் பலகையைக் கழற்றி மரவாளின் கைப்பிடிக்குள் வைத்ததையும், வீசினால் சத்தம் விக்கி விக்கி நின்றுபோவதையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

குற்றம் அந்தப் பலகையில் சத்தத்தை உண்டாக்கும் சிப்பில் இல்லை. நான் கூடுதலாகச் சேர்த்த மூன்று எல்இடி விளக்குகள் பட்டன் செல்லின் (குட்டி வட்ட பேட்டரியின்) உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆகி, சத்தம் நின்றுவிடுகிறது. மூன்று டிரிபிள்-ஏ பேட்டரி போட்டேன், அதே 4.5 வோல்ட்தான், ஆனால் தாக்குப்பிடிக்கிறது. ஒவ்வொரு எல்இடிக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 68 ஓம் ரெசிஸ்டர்.

அப்புறம் ஒரு கூத்து. விளக்கை இயக்கும் சிப்பின் காலுக்கு, அதாவது இணைப்புக் கம்பிக்கு, சுமை வேண்டாமென்று நடுவில் ஒரு சுவிட்சுபோல என்பிஎன் டிரான்சிஸ்டர் வைத்தேன்; காலில் வோல்டேஜ் இருந்தால்தான் அது விளக்கை எரிக்கும். வாள் சும்மா கிடந்தால் விளக்கு எரிந்தது, வீசினால் அணைந்தது! மீட்டரை வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது அந்தக் காலில் முழு வோல்டேஜ். சத்தம் வரும்போதுதான் பூஜ்யம். அதற்குப் பதில், வோல்டேஜ் இறங்கும்போது விளக்கை எரிக்கும் பிசி557 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டரைப் போட்டு, அதன் எமிட்டர் காலைப் பாசிட்டிவில் கொடுத்து, சிப்பின் கட்டளையை வாங்கும் பேஸ் காலுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டதும் ஒழுங்குக்கு வந்தது.

ஸ்பீக்கர் சத்தம்தான் இன்னும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கைப்பிடியில் இன்னும் நாலு துளை போட வேண்டும்.